முந்திக்கொண்ட மகரந்தம்

விதைப் பண்ணையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். கதவில் பயிர் ஆராய்ச்சியாளர் என்று பலகை மாட்டியிருந்தாலும், வாட்ச்மேன் முதல் இயக்குநர் மேடம் வரை எல்லோருக்கும் அவள் பம்பரம்தான். கூட்டம் நடந்தால் நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள். தேநீரைக் கையில் வைத்தபடியே நடப்பாள்; பாதி குடித்ததைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். பண்ணையில் ஏதாவது ஒரு சன்னல் விளிம்பில் ஆறிப்போன கோப்பை இருந்தால், அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பருவத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளாமை இன்னும் அதிகமாகியிருந்தது. காய்கள் விழுந்துகொண்டிருந்தன.

வயலில் விளையும் பூசணிக்கு ஒரு வாடல் நோய் வந்திருந்தது. காலையில் பச்சையாக இருக்கும் கொடி, வெயில் ஏறும்போது ஈரத்துணி மாதிரித் தொங்கிவிடும். அப்புறம் எழாது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. மலைச்சரிவில் தானாக முளைக்கும் காட்டுப் பூசணியை மட்டும் அந்த நோய் தொடுவதில்லை. அதன் காய் பந்தளவுதான் இருக்கும், வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆனால் அதற்குள் இருக்கும் எதிர்ப்புச் சக்தி வேண்டும். இரண்டும் கலந்த ஒரு நல்ல விதை கிடைத்தால் போதும், அதிலிருந்து தொடங்கிவிடலாம். அந்த ஒரு விதைக்குத்தான் அவள் சில வருடங்களாக அல்லாடிக்கொண்டிருந்தாள்.

வயல் பூசணியின் பெண் பூவில் காட்டு மகரந்தத்தை மட்டும் தடவினால், அதில் கொஞ்சம்தான் உள்ளே போய்ச் சேரும். விதை சரியாகப் பிடிக்காத பிஞ்சைக் கொடி வைத்துக்கொள்வதில்லை. சில நாள் பொறுத்துப் பார்க்கும், பிறகு மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். சரி, பிஞ்சு நிற்கட்டும் என்று வயல் மகரந்தத்தையும் கலந்து தடவினால் வேறு வினை. வயல் மகரந்தம் தன் சொந்தப் பூவில் விறுவிறுவென்று இறங்கிவிடும். காட்டு மகரந்தம் தட்டுத்தடுமாறி வந்து சேர்வதற்குள் உள்ளே ஓர் இடமும் மிச்சமிருக்காது. காய் கொழுகொழுவென்று பெருக்கும். அறுத்து விதைத்துப் பார்த்தால் அத்தனையும் வெறும் வயல் பூசணி. பாதிக்குப் பாதி கலந்து பார்த்தாள். காட்டு மகரந்தத்தை அள்ளிக் கொட்டியும் கலந்து பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். அதே பண்ணையில் விதை உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர். பண்ணை வாசலுக்கு உள்ளே இருந்தால் 'சார்', வெளியே வந்தால் 'அத்தான்' என்று அவளே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். அவர் நிதானமானவர். அவள் பத்து முறை போய்வரும் தூரத்தை ஒரே முறை நடந்து, பத்து முறை பார்க்க வேண்டியதையும் பார்த்துவிட்டு வருவார். பசுமைக்குடிலில் பிஞ்சு விழும்போது அவள் அருகே நின்றிருந்தால், குனிந்து எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். அவள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான்.

இயக்குநர் மேடம் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "பம்பரம், நான் சுத்தி வளைச்சுப் பேசல. இந்தப் பருவம்தான் கடைசி. அப்புறம் அந்தக் குடில் தக்காளிக்காரங்களுக்குப் போகுது. நானும் எத்தனை தடவைதான் மேல முட்டுக்கொடுக்கறது?"

"புரியுது மேடம்."

"புரிஞ்சா உக்காந்து பேசுங்களேன். நீங்க நிக்கறதைப் பாத்தா எனக்கே எங்கயோ கிளம்பணும்போல இருக்கு."

கடைசி முறை கலப்படமே வேண்டாம் என்று முடிவு செய்தாள். காட்டு மகரந்தம் மட்டும், அதுவும் பூ தாங்குகிற அளவுக்கு. நான்கு வரிசைக் கொடிகளில் முந்தின மாலையே பெண் மொட்டுகளின் வாயைக் கிளிப் போட்டு மூடினாள், தேனீயோ வேறெதுவோ உள்ளே போய்விடக் கூடாது. விடிந்ததும் கிளிப்பை எடுத்து, காட்டுப் பூக்களின் மகரந்தத்தை ஒவ்வொரு பூவிலும் அப்பிவிட்டு, மறுபடியும் மூடிக்கொண்டே வந்தாள். கடைசிப் பூவை மூடும்போது போன் அடித்தது. அக்கா.

"அப்பா விழுந்துட்டாருடி. பல்பு மாத்தறேன்னு நாற்காலி மேல ஏறியிருக்காரு. இடுப்பெலும்புன்னு சொல்றாங்க. நான் ஆஸ்பத்திரில இருக்கேன், நீ உடனே வா."

விரல் முழுக்க மஞ்சள் பொடியோடு அவள் ஓடினாள். குடில் வாசலில் அத்தான் எதிரே வந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது.

"நீ போம்மா. குடிலை நான் பாத்துக்கறேன். சாயங்காலம் நானும் வந்துடறேன்."

"எல்லாப் பூவும் மூடியாச்சு சார். சூடு ஏறினா சன்னலைத் திறந்து விடணும்."

"தெரியும். போ."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்திருந்தாள். இவள் அதன் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அப்பாவை அறுவை அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் அவர். தள்ளுபடுக்கையில் போகும்போதுகூட, தள்ளுகிறவரிடம் வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொன்னாராம்.

"உக்காருடி. தலை சுத்துது எனக்கு," என்றாள் அக்கா. "ஏதாவது பேசு. உன் பூசணி என்ன ஆச்சு?"

"இன்னைக்குத்தான் போட்டேன். இப்போ இறங்கிட்டு இருக்கும்."

"என்ன இறங்கிட்டு இருக்கும்?"

"மகரந்தம். பூ மேல ஒட்டினதும் ஒவ்வொரு துகளும் ஒரு குழல் விடும். மயிரிழையைவிட மெல்லிசா. அது தண்டுக்குள்ளயே வழி பண்ணிக்கிட்டுக் கீழ பிஞ்சு வரைக்கும் போகும். உள்ள விதையாகறதுக்கு இடம் கொஞ்சம்தான். மேல விழுந்தது அதைவிடப் பல மடங்கு. யாரு முதல்ல போறாங்களோ அவங்களுக்குத்தான் இடம்."

"கூட்டமான பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கற மாதிரி."

"அதேதான். ரொம்பக் கூட்டமா இருந்தா வேகமா போறது மட்டும்தான் ஜெயிக்கும். அதுலேர்ந்து முளைக்கற செடியும் கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கும்னு சொல்வாங்க. கூட்டமே இல்லைன்னா, எது வந்தாலும் இடம் கிடைக்கும். ஆனா காய் நிக்காது. என் ஆளு மெதுவா போறவன். அவனுக்குக் கூட்டமும் ஆகாது, கூட்டம் இல்லாமலும் ஆகாது."

அக்கா சிரித்தாள். "உங்க அத்தான் மாதிரி. கல்யாண வீட்டுப் பந்தியில கடைசியாதான் உக்காருவாரு."

அறுவை முடிந்து மருத்துவர் வெளியே வந்து தலையசைக்கும்போது பகல் நன்றாக ஏறியிருந்தது. அவள் அத்தானுக்குப் போன் செய்து அப்பா நலம் என்றாள். அவர் நல்லது என்றார். குரல் கொஞ்சம் அவசரமாக இருந்தது. வேலையில் இருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிஞ்சுகள் விழவில்லை.

வழக்கமாக மஞ்சளாகத் தொடங்கும் நாட்கள் வந்தன, கடந்தன. பிஞ்சுகள் முஷ்டியளவாகி, பிறகு தலையளவாகின. அவள் ஆஸ்பத்திரிக்கும் பண்ணைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தாள், ஓடுவதே சுகமாக இருந்தது. இயக்குநர் மேடம் குடிலுக்கே வந்து பார்த்துவிட்டு, "என்ன பம்பரம், மந்திரம் போட்டீங்களா?" என்றார். ஆனால் எல்லோரும் போன பிறகு தனியாக நிற்கும்போது அவளுக்கு உறுத்தியது. இத்தனை காய் ஏன் நிற்கிறது? அதுவும் இவ்வளவு வாளிப்பாக?

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு அழைத்துவந்த அன்று மாலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் காய்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்," என்றார். "அன்னைக்கு நீ போனப்புறம் நான் வயல் மகரந்தத்தை எடுத்து எல்லாப் பூவுலயும் கொஞ்சம் தொட்டு வெச்சேன்."

அக்காவின் கரண்டி பாத்திரத்தில் இடித்தது.

"எல்லாப் பூவுலயுமா, சார்?" என்றாள் அவள்.

வீட்டுக்குள் அவள் அவரை அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. அவருக்கு அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது.

"எல்லாத்துலயும்."

"அதுதான் ஜெயிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? கலந்து போட்டுப் பாத்தப்ப நீங்களும்தானே கூட இருந்தீங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"காய் நின்னா மேடம் இன்னொரு வருஷம் குடுப்பாங்கன்னு நினைச்சேன். நீ ஆஸ்பத்திரில இருந்த. அங்க அப்பா அப்படிக் கிடக்கறாரு, இங்க இதுவும் விழுந்துச்சுன்னா நீ என்ன ஆவன்னு..." அவர் நிறுத்தினார். "பிஞ்சு விழற அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை உன் பக்கத்துல நின்னு கேக்க எனக்குத் தெம்பில்லைம்மா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. போன் கையிலதான் இருந்துச்சு."

"கேட்டா வேண்டாம்னிருப்ப."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் எழுந்து கைகழுவிவிட்டுக் கிளம்பினாள். அக்கா பின்னாலேயே படி வரை வந்து ஏதோ சொன்னாள். இவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் தோட்டக் கத்தரியை எடுத்துக்கொண்டு நேராகக் குடிலுக்குப் போனாள். இந்தக் காய்கள் பொய். இவற்றைக் காட்டி இன்னொரு வருடம் வாங்கினால் அது திருட்டு. முதல் வரிசையில் தொடங்கினாள். காம்பு கெட்டியாகி இருந்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. வெட்டியதைத் தள்ளுவண்டியில் போட்டாள். ஒன்றிரண்டு கீழே விழுந்து பிளந்தன. உள்ளே விதைகள் வெறும் தோலும் பாலுமாக, விதைக்கவும் ஆகாமல் தின்னவும் ஆகாமல் இருந்தன. இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசை. வாய்க்குள்ளேயே அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் தாழ்வாரத்தில் அலைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் நீங்கள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எப்போது செய்தீர்கள்?

நான்காம் வரிசையின் முதல் காம்பில் கத்தரியை வைத்தாள். கை அப்படியே நின்றது.

எப்போது?

அவள் இதுவரை செய்த கலப்பு எல்லாம் ஒரே நேரத்தில் தடவியவை. இரண்டும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பியவை. அப்படி ஓடினால் காட்டு மகரந்தம் தோற்கத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு அவள் விடியலில் தடவினாள். அவர் எப்போது தடவினார்?

கத்தரியை மெல்ல எடுத்துவிட்டு அவருக்குப் போன் செய்தாள்.

"வயல் மகரந்தம் எப்போ போட்டீங்க?"

"என்னம்மா?"

"நான் போன உடனேயா, இல்ல அப்புறமா?"

"உடனே இல்ல. ரொம்ப நேரம் யோசிச்சேன். போடலாமா வேண்டாமான்னு வெளிய போறதும் வர்றதுமா இருந்தேன். கடைசில பூ சுருங்க ஆரம்பிச்சிருச்சு, இனி விட்டா வாய்ப்பில்லைன்னு போட்டேன். பாதி வரிசைல நீ போன் பண்ணின, அப்பா நல்லா இருக்காருன்னு. ஏன் கேக்கற?"

தள்ளுவண்டியைப் பார்த்தாள். பச்சைக் காய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, வெட்டிய காம்புகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவர் குடிலுக்கு வந்து கதவைத் திறந்தபோதும் அப்படியேதான் இருந்தாள்.

அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த வரிசையைப் பார்த்தார். அவளுடைய கேள்வியின் அர்த்தம் அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு உரக்குழிப் பக்கம் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் குடிலுக்கு வரவில்லை.

காத்திருப்பதைப் போலக் கொடுமை அவளுக்கு வேறில்லை. காய் முற்ற வேண்டும். பிறகு விதை முற்ற வேண்டும். பிறகு காய வேண்டும். சில நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்த அப்பா, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவளுடைய இரண்டு அறை வீட்டில் பழகிக்கொண்டிருந்தார். அவர் கூடத்துக்கு வரும்போது இவள் சமையலறைக்குப் போவாள். அவர் அங்கே திரும்பினால் இவள் வாசலுக்குப் போவாள்.

"இந்த வீட்டுல ரெண்டு வண்டி, ஒத்தைத் தண்டவாளம்," என்றார் அப்பா. "யாராவது ஒருத்தர் ஓரங்கட்டணும். அந்தக் காய் பழுக்கறதுக்குள்ள நான் ஓட ஆரம்பிச்சுடுவேன்."

"ஓடினா மறுபடியும் விழுவீங்க."

"உங்க அத்தான்கிட்டப் பேசினியா?"

"பண்ணைல பாத்தேன்."

"பாக்கறதைக் கேக்கல."

அவள் அத்தானுடைய அறை வரைக்கும் ஒருநாள் போனாள். உள்ளே யாரோ இருந்தார்கள் என்று திரும்பிவிட்டாள். உண்மையில் உள்ளே இருந்தவர் அவர் மட்டும்தான்.

காய்கள் முற்றின. அவள் ஒவ்வொன்றையும் பூ இருந்த முனை, நடு, காம்பு முனை என்று மூன்றாக அறுத்து, விதைகளைத் தனித்தனியே எடுத்து விதைத்தாள். மகரந்தக் குழல்கள் பூவின் பக்கமிருந்துதான் காய்க்குள் நுழையும். முந்தி வந்தது அந்த முனையில் இடம் பிடித்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அடையாளம் தெரிவது எளிது. காட்டுப் பூசணியின் இலையில் நரம்பு பிரியும் இடங்களில் வெள்ளிப் புள்ளிகள் இருக்கும். கலப்பு விதையிலும் அது தவறாமல் வரும். வயல் பூசணியில் கிடையாது. ஆனால் விதையிலைகளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உண்மையான இலைகள் விரிய வேண்டும்.

முதலில் விரிந்தவை எல்லாம் வெறும் பச்சை. நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே அவள் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து தேடினாள். அடுத்த இலையும் பச்சை. கண் எரிகிறது என்று வெளியே போய் முகம் கழுவிவிட்டு வருவாள், ஏதோ அதற்குள் இலை நிறம் மாறிவிடும் என்பதுபோல. ஒரு காலையில் பூ முனைத் தட்டில், ஓரத்தில் இருந்த நாற்றின் இலையில் பால் தெளித்த மாதிரி ஏதோ தெரிந்தது. தண்ணீர்த் துளி என்று நினைத்து விரலால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள். வெள்ளிப் புள்ளி.

அவள் நடந்தாள், ஓடவில்லை. அத்தானின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"வந்து பாருங்க."

அவர் வந்தார். இரண்டு பேரும் தட்டுத் தட்டாகப் பார்த்தார்கள். பூ முனைத் தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளிப் புள்ளி நாற்றுகள் இருந்தன. நடுவில் ஒன்றோ இரண்டோ. காம்பு முனையில் ஒன்றுகூட இல்லை, அங்கே எல்லாம் வயல் பூசணியே. அவர் ஓர் இலையைக் கவனமாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"முந்திக்கிட்டான்," என்றார் மெதுவாக.

"அத்தான்," என்றாள் அவள். பண்ணைக்குள் நிற்கிறோம் என்பது நினைவில் இல்லை. "நான் ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டியிருக்கணும்."

"நானும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொட்டிருக்கணும்." இலையை விட்டார். "அந்த மூணு வரிசைல என்ன இருந்திருக்கும்னு தினமும் நினைக்கறேன்."

"நானும்."

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் ஆறுகிற விஷயமாக அது இருவருக்கும் படவில்லை.

இயக்குநர் மேடத்திடம் அவள் எதையும் மறைக்கவில்லை: அத்தான் தொட்டது, தான் வெட்டியது, புள்ளி வந்தது, எல்லாம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வெட்டினது எத்தனைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வயித்தெரிச்சல் பட நான் தயாரா இல்ல. அந்த நாத்தெல்லாம் நோய் தாங்குமா?"

"நட்டுப் பாக்கணும் மேடம்."

நோய் கண்ட மண்ணில் நட்டார்கள். பக்கத்தில் இருந்த வயல் பூசணிகள் வழக்கம்போல வெயிலில் தொங்கிச் சாய்ந்தன. வெள்ளிப் புள்ளிச் செடிகளிலும் பல சாய்ந்தன. ஆனால் சில நின்றன. இலை ஓரம் கருகி, கொடி மெலிந்து, என்றாலும் நின்றன. வெயில் இறங்கிய பிறகும் நின்றன. மறுநாளும் நின்றன. தக்காளிக்காரர்களுக்கு வேறு குடில் ஒதுக்கப்பட்டது.

அடுத்த பருவத்தில் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். சேர்ந்து என்றால் சண்டை போட்டுக்கொண்டு. காட்டு மகரந்தத்தை எவ்வளவு நேரம் முந்த விடுவது? குறைத்தால் வயல் மகரந்தம் எட்டிப் பிடித்துவிடும். கூட்டினால் பூ மூடிக்கொள்ளும், காய் நிற்காது. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இடைவெளி என்று முடிவாயிற்று. முதல் நாள் விடியலில் அவள் காட்டு மகரந்தத்தைத் தடவி முடித்தாள். அவர் வயல் பூக்கள் நிரம்பிய கூடையோடு வந்து நின்றார்.

"போடலாமா?" என்றார்.

"இருங்க. இன்னும் நேரமிருக்கு."

"பூவைப் பாரு, ஓரம் வளையுது."

"அது இந்த வரிசைல இல்ல, அடுத்ததுல. இங்க இன்னும் நல்லா நிமிர்ந்து நிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். அவளும் குனிந்தாள். குடிலுக்குள் சூடு ஏறிக்கொண்டிருந்தது. மேல் சன்னலைத் திறக்க அவள் போனாள், பாதி வழியில் திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

"சரி," என்றாள் கடைசியில், "முதல் வரிசைக்குப் போடுங்க. நான் சொல்ற வரைக்கும் ரெண்டாவதைத் தொடாதீங்க."

"சொல்லு. கேட்டுட்டுத்தான் தொடுவேன்," என்று அவர் முதல் பூவின் கிளிப்பை எடுத்தார்.